குறிக்கு ஓரடி முன்னால்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை. பேர்கன் நகரத்தில் விடியற்காலையிலிருந்து பெய்த மழை நண்பகலுக்குச் சற்று முன்னர் நின்றிருந்தது. வெப்பநிலை பதினொரு பாகை. தென்மேற்குக் காற்று ஓடுபவரின் முதுகைத் தள்ளும் அளவுக்கு அன்றி, கழுத்தைக் குளிரச் செய்யும் அளவுக்கு மட்டுமே வீசிற்று. நகரத்தின் தென்புறத்து விளையாட்டரங்கில், கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில், ஈரப் புல்லின்மேல் நளாயினி நின்றுகொண்டிருந்தாள். முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் பிறந்தவள், வயது முப்பத்தொன்று, நோர்வே நாட்டின் சிவப்பு மேலாடையை வாழ்வில் முதன்முறையாக அணிந்திருந்தாள். நால்வர் ஆளுக்கு நூறு மீற்றர் ஓடிக் கோலைக் கைமாற்றும் அஞ்சலோட்டத்தில் கடைசி நூறு மீற்றர் அவளுடையது. நாற்பத்து நான்கரை வினாடிக்குள் ஓடி முடித்தால், இலையுதிர்காலத்தில் நடக்கவிருந்த உலகப் போட்டியில் அந்த அணிக்கு இடம் உண்டு. முடிக்காவிட்டால் அணியையே கலைத்துவிடுவதென்று தடகளச் சங்கம் தீர்மானித்திருந்தது. ஓட்டம் ஒன்றேகால் மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். முடிவுக்கோட்டில் படமெடுக்கும் கருவியின் கண்ணாடியில் நீர் புகுந்துவிட்டதால் வீராங்கனையர் தத்தம் இடங்களிலேயே காத்திருக்க வேண்டுமென ஒலிபெருக்கி அறிவித்தது. அந்தக் காத்திருப்புத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நளாயினியின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இருபத்தைந்து அடியை நான் எந்தச் சப்பாத்தோடு அளந்தேன்?

அஞ்சலோட்டக்காரர்க்கு அந்தக் கேள்வி எத்துணைப் பெரியது என்பது பார்வையாளர்க்குத் தெரிவதில்லை. கோலைப் பெறுபவள் திரும்பி நின்று பெற்றுக்கொள்வதில்லை. ஓடிக்கொண்டே, பின்னால் பாராமல், கையை மட்டும் நீட்டிப் பெறுகிறாள். ஆகவே எப்போது புறப்படுவது என்பதை முன்கூட்டியே ஒரு குறி சொல்லிவிட வேண்டும். தான் நிற்கும் கோட்டிலிருந்து பின்னோக்கிக் குதிகாலும் விரல்நுனியும் தொடத் தொட அடிமேல் அடிவைத்து நடந்து, இருபத்தைந்தாவது அடியில் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டுவாள். கோலைக் கொண்டு வருபவளுடைய கால் அந்த நாடாவைத் தொடும் கணத்தில் இவள் புறப்படுவாள். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த இருபத்தைந்து அடி, ஓடும்போது அணிகிற முள்ளுச் சப்பாத்தின் அடி. நடைக்கும் பயிற்சிக்கும் அணிகிற தடித்த சப்பாத்து அதைவிட அரை விரற்கடை நீளம். அரை விரற்கடை இருபத்தைந்து முறை சேர்ந்தால் ஏறத்தாழ ஓரடி. நாடா ஓரடி தள்ளிப் போயிருந்தால் அவள் ஓரடி முன்னரே புறப்படுவாள், பின்னால் வருகிற மாரிட் எட்டிப் பிடிக்கமாட்டாள், கோல் மாற்றும் எல்லை முடிந்துபோகும், அணி நீக்கப்படும். நளாயினி நாடாவைப் பார்த்தாள். வெள்ளை நாடா ஈரத்தில் ஓரம் சுருண்டு, நான்காம் பாதையின் செந்நிறத்தில் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. தடித்த சப்பாத்தோடு வந்தேன். பையைப் புல்லில் வைத்தேன். சப்பாத்தை மாற்றினேன். குறியை ஒட்டினேன். அல்லது, குறியை ஒட்டினேன், சப்பாத்தை மாற்றினேன். இரண்டு வரிசையும் ஒரே அளவு உண்மையாகத் தோன்றின. சிவப்பு மழைக்கோட்டு அணிந்த நடுவர், "கெதியாய், கெதியாய்" என்று எல்லாரையும் விரட்டியது நினைவிருந்தது. அவர் உண்மையில் நோர்வே மொழியில்தான் விரட்டினார். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து எட்டாண்டுகளாகியும் அவளுடைய காது எந்த மொழியையும் முள்ளியவளைப் பேச்சாக மாற்றித்தான் உள்ளே விடுகிறது. பயிற்சியாளர் ஓத்வார் ஏசும்போதுகூட யாரோ தாய்மாமன் ஏசுவதுபோலவே கேட்கும். விரட்டியவர் குரல் நினைவிருக்கிறது. நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தது நினைவிருக்கிறது. பசையின் கசப்பு நாக்கில் இன்னும் இருக்கிறது. காலில் என்ன இருந்தது என்பது மட்டும் இல்லை.

கேட்டால் என்ன? ஐந்தாம் பாதையின் கடைசி ஓட்டக்காரி, டென்மார்க்குப் பெண் சிக்னே, கைக்கெட்டும் தொலைவில் நின்று தொடையைத் தட்டித் தட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருப்பாள். கேட்கலாம். ஆனால் முதல் முறையாக இந்த மேலாடையை அணிந்திருக்கும் நாளில், எந்தச் சப்பாத்தோடு அளந்தேன் என்று இன்னொரு நாட்டுக்காரியிடம் கேட்பதா? பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்கூடக் கேட்கமாட்டாத கேள்வி. இந்த மேலாடைக்காக அவள் காத்திருந்ததை நினைத்தாள். குடியுரிமை வந்த பின்னும், ஒருமுறை ஒரு நாட்டுக்காக ஓடியவர் இன்னொரு நாட்டுக்காக ஓட மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும் என்றார்கள். ஒருமுறை. பதினேழு வயதில் ஒரே ஒருமுறை. அதற்கு மூன்றாண்டு. இருபத்தெட்டிலிருந்து முப்பத்தொன்று வரை, விரைவோட்டக்காரியின் தொடையில் எஞ்சியிருக்கிற கடைசி நல்ல ஆண்டுகள். காலையில் மருத்துவமனைச் சலவைப் பகுதியில் விரிப்புகளை மடிப்பாள். மாலையில் மைதானத்தில் ஓடுவாள். போட்டி நாள்களில் கம்பிக்கு இப்பால் நின்று, தன்னைவிட மெதுவாக ஓடுபவர்கள் சிவப்பு மேலாடையோடு ஓடுவதைப் பார்ப்பாள். அந்த மூன்றாண்டும் அவள் எந்த நாட்டுக்காரியும் அல்லள். அதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கணவன் சிவநேசனுக்கு மட்டும் ஓரளவு புரிந்தது. அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். காத்திருத்தல் அவனுக்குத் தொழில். இன்றைக்கு வரமுடியாமற்போனதும் தொழிலால்தான். "ஒருத்தரும் முறை மாறி ஓடமாட்டினமாம், நளா. நான் இரண்டு மணிக்கு உந்த மைதானத்து வாசலாலதான் போவன். ஒருக்கா ஹோர்ன் அடிக்கிறன், கேட்டால் நான் எண்டு நினை" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனான். கோயிலில் பெண்கள் கேட்பதை அவனிடம் அவள் சொல்வதில்லை. "கலியாணம் கட்டி எட்டு வருசமாச்சு, வீட்டில ஒரு தொட்டில் இல்லை, உவள் காச்சட்டையோட எங்கை ஓடித் திரியிறாள்?" என்று மோர் வார்த்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள். "எங்கை ஓடுறாளோ, அவையின்ர கொடிக்குத்தானே" என்றாள் மற்றவள். மோர் புளித்திருந்தது. நளாயினி குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொன்னாள்.

யாருடைய கொடி. அந்தச் சொல்லில் கால் தடுக்கி மனம் கொழும்புக்குப் போயிற்று. போகக் கூடாது, இன்று போகக் கூடாது என்று காலையிலிருந்தே கதவைச் சாத்தி வைத்திருந்தாள். போர்நிறுத்தக் காலம், ஐந்து நாடுகள் கலந்துகொண்ட இளையோர் போட்டி, இலங்கை அணியின் நான்கு பெண்களில் தமிழ்ப் பிள்ளை இவள் ஒருத்தி. மூன்றாவதாக ஓடி வந்து இவளிடம் கோலைத் தர வேண்டியவள் இரேஷா, குருணாகலைக்காரி, இவளுக்குச் சிங்களம் கொஞ்சம், அவளுக்குத் தமிழ் இல்லை, இருவரும் ஒரு மாம்பழத்தைப் பகிர்ந்து தின்று நட்பானவர்கள். அன்று வெயிலில் ஓடுபாதை உருகும் வாசனை வந்தது. குனிந்து, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் ஒரு வெள்ளை நாடாவைத் தொட்டது. புறப்பட்டாள். அது பக்கத்துப் பாதைக்காரியின் நாடா. பக்கத்துப் பாதைக்காரியின் கால். அவ்வளவுதான் நடந்தது. இரேஷா பின்னால் கத்திக்கொண்டே வந்தாள். நளாயினியின் நீட்டிய கை காற்றை மட்டும் பிடித்துப் பிடித்து விட்டது. எல்லைக்கோடு காலடியில் கடந்துபோனது. பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும் ஒரு வாக்கியம் சொன்னார். என்ன சொன்னார் என்று இரேஷாவைக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்து, ஒன்றுமில்லை என்றாள். பேருந்தில் ஏறுவதற்குள் மற்றவர்களிடமிருந்து அது வந்து சேர்ந்தது: வன்னிக்காரி வேண்டுமென்றே கெடுத்தாள். ஊருக்குத் திரும்பினால் அங்கே வேறொன்று காத்திருந்தது. "அவங்களுக்கு ஓடினவள் வாறாள்" என்று சந்திக் கடையில் சைக்கிளோடு நின்றவர்கள் சொன்னார்கள். கெடுத்தவள் என்று அங்கே. ஓடியவள் என்று ஊரிலே. பக்கத்துப் பாதை நாடா என்று எங்கேயும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா அன்று சோற்றைப் போட்டுவிட்டு, "தோத்தால் தோத்ததுதானே பிள்ளை, அதுக்கேன் வாயைப் பூட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டாள். இன்று காலையும் முள்ளியவளையிலிருந்து தொலைபேசியில் அதே அம்மா: "குளிருதோ? உள்ளுக்குத் தடிச்சதாய்ப் போட்டுக்கொண்டு ஓடு. எத்தினை மணிக்கு முடியும்?" நாற்பத்து நான்கு வினாடியில் முடியும் அம்மா என்றபோது, "அட, அதுக்கோ இவ்வளவு பாடு?" என்று சிரித்தாள்.

நாற்பத்து நான்கு வினாடி. அதில் அவளுடைய பங்கு பதினொன்று. ஆனால் இந்தப் பதினொன்று கெட்டால் மற்ற மூவரின் முப்பத்து மூன்றும் கெடும். அவர்கள் மூவரும் அரங்கின் மற்ற மூன்று மூலைகளில் சிறு சிவப்புப் புள்ளிகளாக நின்றார்கள். அணி என்று பெயர். நால்வரும் ஒருவரையொருவர் பேச்சுக்கு எட்டாத தொலைவில் தனித்தனியே நின்று நடுங்குவதுதான் அந்த விளையாட்டு. எதிர்ப்புறத்து வளைவின் தொடக்கத்தில் மாரிட் துள்ளிக்கொண்டிருந்தாள். அவள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. பயிற்சியின்போது வாய் ஓயாமல் பேசுவாள். நீ முன்பு ஓடிய நாட்டில் கோலை எப்படித் தருவார்கள் என்று ஒருமுறை கேட்டாள். நளாயினி, இதேபோலத்தான் என்று சொல்லி வேறு பக்கம் பார்த்தாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். தோற்றால் அவள் நாளை என்ன சொல்வாள்? சொல்லமாட்டாள். இங்கே யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. முதுகில் கைவைத்து, பரவாயில்லை என்பார்கள். பத்திரிகையில் மட்டும் ஒரு பெயர் வரும், மற்ற மூன்று பெயர்களைவிட நீளமான பெயர், அதன்கீழே வாசிப்பவர்கள் கருத்து எழுதுவார்கள். சரி, ஒரு கண்ணிமைப்புப் பிந்திப் புறப்பட்டால்? தடித்த சப்பாத்தோடு அளந்திருந்தால் அது சரியாக இருக்கும். ஆனால் முள்ளுச் சப்பாத்தோடு அளந்திருந்தால் மாரிட் அவள் முதுகில் வந்து மோதுவாள். முந்துவதா, பிந்துவதா, நாடா சொன்னபடி போவதா? மூன்று வழியும் ஒரே கேள்விக்குத்தான் திரும்பி வந்தன. எந்தச் சப்பாத்து? பை புல்லில் இருந்தது. பைக்குப் பக்கத்தில் தடித்த சப்பாத்து இரண்டும் நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு கிடந்தன. முதலில் கழற்றினாளா, பிறகா? கழற்றியபோது ஒற்றைக் காலில் நின்றது நினைவு வந்தது. ஒற்றைக் காலில் நின்றது, நாடா கையில் இருக்கும்போதா? நாடா வாயில். அப்படியானால் இரு கையும் சப்பாத்துக் கயிற்றில். அப்படியானால் ஒட்டுவதற்கு முன்னர்தான் கழற்றியிருக்கிறாள். அப்படியானால் முள்ளுச் சப்பாத்து. அப்படியானால் எல்லாம் சரி. அரைக் கணம் நெஞ்சு இறங்கியது. மறுகணம், அது நேற்றைய பயிற்சியின் நினைவோ என்று மனம் கேட்டது; நேற்றும் மழைதான்; நேற்றும் நாடா வாயில்தான். நெஞ்சு பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. இப்படியே ஒன்பது நிமிடம் போயிற்று.

ஒலிபெருக்கி மறுபடியும் உறுமிற்று. கருவி சரியாகிவிட்டது. தொடக்குநர் ஊதல் ஊதினார். அரங்கெங்கும் நடுவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெள்ளைக் கொடியை உயர்த்தினார்கள். சிவப்பு மழைக்கோட்டுக்காரரும் உயர்த்தினார். எல்லாரும் ஆயத்தம் என்று அதற்குப் பொருள். பாதைக்குள் இறங்கி, இடத்தில் நின்றபோதுதான், இனிக் கேட்பதில் பயன் உண்டா இல்லையா என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, அவள் வாய் கேட்டுவிட்டது.

"சிக்னே, நான் குறி ஒட்டேக்குள்ள காலில என்ன சப்பாத்துப் போட்டிருந்தனான்? கண்டனியோ?"

சிக்னே நிமிர்ந்து பார்த்தாள். பகிடி விடுகிறாளோ என்று ஒரு கணம் ஐயுற்றவள்போல் இருந்தாள்.

"சப்பாத்தோ? நீ சப்பாத்தே போடேல்லை. மேசோட நடந்தனீ. இந்த ஈரத்துக்குள்ள மேசோட அடி அளக்கிறாளே, நோர்வேக்காரருக்கு முழு விசர் எண்டு நினைச்சனான்."

மேசோடு. காலில் காலுறை மட்டும், வெறுங்காலோடு என்பதுபோலத்தான். முள்ளுச் சப்பாத்துக்குள்ளே விரல்களை அசைத்துப் பார்த்தாள். மேசு இரண்டும் நனைந்து ஊறி, விரலிடுக்கில் நீர் பிதுங்கியது. இவ்வளவு நேரமும் அந்த ஈரம் காலில்தான் இருந்திருக்கிறது. அவளோ தன் தலைக்குள்ளே நின்றிருந்தாள். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை அணியும் இடைவெளியில், நடுவர் விரட்டிய அவசரத்தில், இரண்டும் இல்லாத காலோடு போய் அளந்திருக்கிறாள். காலின் அடி முள்ளுச் சப்பாத்தைவிட அரை விரற்கடை குறைவு. இருபத்தைந்து முறை. ஆகவே நாடா தூரப் போகவில்லை, கிட்ட வந்துவிட்டது. ஓரடி கிட்ட. நாடாவை நம்பினால் பிந்திவிடுவாள். அஞ்சியபடி இன்னும் ஒரு கண்ணிமைப்புப் பொறுத்திருந்தால் மாரிட்டும் அவளும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்திருப்பார்கள். நளாயினி நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"ஐயா, நான் பிழையா அளந்துபோட்டன். ஒரு நிமிசம் தாங்கோ, குறியை மாத்தி ஒட்டவேணும்."

அந்த வாக்கியத்தை அவள் வாழ்வில் அதுவரை எந்த மொழியிலும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் நாடாவைப் பார்த்தார். உயர்த்திய தம் கொடியைப் பார்த்தார்.

"கொடி காட்டியாச்சுது, பிள்ளை. இனி ஒருத்தரும் அசையேலாது. இவ்வளவு நேரமும் சும்மாதானே நிண்டனீ, அப்ப சொல்லியிருக்கலாமே?"

கனிவாகத்தான் சொன்னார். சொல்லியிருக்கலாம்தான். தொலைவில் தொடக்குநரின் குரல் எழுந்தது. அரங்கு அடங்கியது. ஓரடி முன்னரே புறப்பட வேண்டும். மாரிட்டின் கால் நாடாவைத் தொடுவதற்கு முன்பு, தொடாத ஒரு வெறும் இடத்தை அந்தக் கால் தொடும்போது. பதினான்கு ஆண்டுகளாக அவளுடைய உடல் ஒன்றே ஒன்றைத்தான் சத்தியம்போல் காத்து வந்திருக்கிறது: முந்திப் புறப்படாதே. ஓத்வார்கூட, நீ எப்போதும் ஒரு நூலிழை பிந்துகிறாய், யாருக்குப் பயம் என்று கேட்பதுண்டு. இப்போது அறிந்தே முந்த வேண்டும். அந்த இடத்தில் நாடா இல்லை. காட்டுவதற்குச் சான்று இல்லை. தவறினால், குறிக்கு முன்னரே ஓடினாள் என்று ஒளிப்படம் சொல்லும், அது உண்மையாகவும் இருக்கும். துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் வண்ணங்கள் உருண்டன. எதிர்ப்புற நேர்ப்பாதையில் அவை நீண்டன. சிவப்பு எங்கே? இரண்டாவது, இல்லை, மூன்றாவது. கோல் மாரிட்டின் கைக்கு வந்துவிட்டது, வளைவில் சாய்ந்து வருகிறாள், முகம் கோணியிருக்கிறது, பெரிதாகிறாள். நளாயினி குனிந்து தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பக்கத்துப் பாதையில் ஒரு நாடா, தன் பாதையில் ஒரு நாடா, அதற்கு ஓரடி அப்பால் ஈரத்தில் மினுங்குகிற ஒரு வெறும் செந்நிறம். அதையே பார்த்தாள். வேறொன்றையும் பார்க்கவில்லை. சிக்னேயின் மூச்சுக் கேட்டது. ஏதோ ஒரு கால் ஏதோ ஒரு வெள்ளையைத் தொட்டது. இல்லை, அது என்னுடையது அல்ல, நில். தொடைகள் இறுகின. நில். மாரிட்டின் முள் அந்த வெறும் செந்நிறத்தில் நீரைச் சிதறடித்தது, உடல், வேண்டாம், இன்னும் இல்லை என்று முழங்காலைப் பின்னால் இழுத்தது, அவள் புறப்பட்டாள். பின்னால் பார்க்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிகள் நீண்டன. பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு குரலும் இல்லை. உலகத்திலேயே அவள் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எல்லைக்கோடு தெரிந்தது. பிறகு மாரிட் கத்தினாள். நளாயினி கையைப் பின்னே நீட்டினாள், காற்று, பிறகு உள்ளங்கையில், ஈரமாக, கனமாக, கோல்.

எல்லை முடிவதற்கு ஒன்றரை மீற்றர் முன்பு கோல் கைமாறியதாகப் பின்னர் படத்தைப் பார்த்து உறுதி செய்தார்கள். நோர்வே அணி நாற்பத்து நான்கு புள்ளி நான்கு ஒன்று வினாடியில் ஓடி, டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தது. உலகப் போட்டியில் அணிக்கு இடம் கிடைத்தது. சிவநேசனின் பேருந்து இரண்டு மணிக்கு வாசலைக் கடந்தபோது மருத்துவர்கள் நளாயினியிடம் ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறைக்கு வெளியோசை எட்டவில்லை. மாலையில் ஒவ்வொருவரும் எழுதித் தரவேண்டிய குறிப்பில் அவள் மூன்று வரி எழுதினாள்: குறியை மேசோடு அளந்தேன், அதனால் நாடாவுக்கு ஓரடி முன்னரே புறப்பட்டேன், பிழை என்னுடையது. ஓத்வார் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதை ஏன் அப்பவே கேட்கேல்லை?" என்றார். அவள் கொழும்பு ஓட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னாள். சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஆகஸ்டு மாதம் நாட்டுத் தேர்வுப் போட்டியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அவளைவிடப் பத்தில் ஒரு பங்கு வினாடி விரைவாக ஓடினாள். கடைசி நூறு மீற்றர் அந்தப் பெண்ணுக்குப் போயிற்று. நளாயினி மாற்று வீராங்கனையாக உலகப் போட்டிக்குச் சென்றாள். பதினொரு நாள் அங்கே இருந்தாள்; ஓடவில்லை. அணி முதற்சுற்றில் ஏழாவதாக வந்து வெளியேறியது. மறுவாரம் சலவைப் பகுதியில் காலைமுறை வேலைக்குத் திரும்பினாள். அடுத்த இரண்டு கோடைகளிலும் கழகத்துக்காக ஓடினாள். 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிறுத்திக்கொண்டாள். சங்கத்தின் பதிவேட்டில் நளாயினி சிவநேசன் என்ற பெயருக்கு நேரே, நாட்டுக்காக ஓடிய ஓட்டங்களின் எண்ணிக்கை ஒன்று என்று இருக்கிறது.